ஊசியைக் காட்டி மிரட்டுவதை முதலில் நிறுத்துங்கள்

"சாப்பிடாட்டி டாக்டர்கிட்ட சொல்லிப் பெரிய ஊசியா போடச் சொல்லுவேன்." இந்த மிரட்டல் கேட்காத வீடு நம் பக்கத்தில் எத்தனை இருக்கும்? பசறை, லுணுகலை, தெமோதரை, அப்புத்தளை என்று எந்தத் தோட்டத்து லயத்து வாசலில் நின்றாலும் நாளுக்கு ஒரு தடவையாவது காதில் விழுகிற பேச்சு இது. அழுதால் ஊசி. தூங்காவிட்டால் ஊசி. தம்பியை அடித்தால் ஊசி. சொல்லிவிட்டு நாம் கொழுந்துக்குப் போய்விடுகிறோம். கேட்ட பிள்ளை அதை நம்பிக்கொண்டு வளர்கிறது. ஊசி என்றால் கெட்ட பிள்ளைக்குக் கிடைக்கிற தண்டனை, அதைப் போடச் சொல்கிற ஆள் அம்மா. இதைத்தான் நாம் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

பிறகு அதே பிள்ளைக்கு ஒருநாள் வயிற்றில் நோய் வருகிறது. வாரக்கணக்கில் வயிற்றாலே போகிறது. சளியும் ரத்தமும் கலந்து போகிறது. ராத்திரியில் எழும்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறது. டாக்டர் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கத் துண்டு எழுதிக் கொடுக்கிறார். உடனே நம் வாயில் வருவது, "ஐயோ டாக்டர், இவனுக்கு ஊசின்னா உசிரே போயிரும், வேற ஏதாவது செய்ய ஏலாதா?" துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அடுத்த கிளினிக்குக்கும் போவதில்லை, போனால் டாக்டர் ரிப்போர்ட் கேட்பாரே.

என் மகனுக்குக் குரோன்ஸ் என்கிற நாட்பட்ட குடல் நோய். அதனால் கிளினிக் வாங்குகளில் உட்கார்ந்து உங்களோடு பேசுகிற பொழுது எனக்கு நிறையவே கிடைக்கிறது. அங்கே கேட்பதையும் பார்ப்பதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன் என்பதை மறைக்கவில்லை. அந்தக் கோபம் உங்கள் பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தால் வருவது.

ஊசியைத் தவிர்த்துவிட்டு நாம் என்ன செய்கிறோம் தெரியுமா? நாமே தீர்ப்பு எழுதுகிறோம். "அலர்ஜியா இருக்கும்" என்று அப்பாயி ஒரு சொல் சொல்வார். பால்மாவை நிறுத்துவோம். இரண்டு வாரத்தில் சுகம் தெரியாவிட்டால் முட்டையை நிறுத்துவோம். கருவாடு, நெத்தலி, கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி எல்லாம் கரப்பான் சாமான் என்று ஒரு பட்டியல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது, அதையும் நிறுத்துவோம். அதற்குப் பிறகு சூடு என்று ஒரு பட்டியல். கடைசியில் ரொட்டியிலும் கை வைப்போம். பிள்ளையின் தட்டில் மிஞ்சுவது வெறும் சோறும் சாயத்தண்ணியும்தான். வயிற்றுப்போக்கு அப்படியே இருக்கும். பிள்ளையின் தோளெலும்பு மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். ஊசிக்கு மனம் இளகுகிற நாம், பிள்ளையைப் பட்டினி போடும்போது மட்டும் ஏன் இவ்வளவு துணிச்சலாக இருக்கிறோம்?

இதில் நம் பகுதிக்கென்று ஒரு ஆபத்து இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் சுமார் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் அது சுமார் 32 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை குட்டையாக இருக்கிற இடத்தில், நோயால் வளராமல் நிற்கிற பிள்ளையை யார் தனியாகக் கண்டுபிடிப்பது? "நம்ம புள்ளைங்க எல்லாம் இப்பிடித்தானே" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். குரோன்ஸ் மாதிரி கடுமையான குடல் நோய்கள் பிள்ளைகளிடம் தம்மைக் காட்டிக்கொள்வதே சில நேரம் வளர்ச்சி நின்றுபோவதில்தான். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் பிறகுதான் வரும். மிட்வைஃப் குறித்துக் கொடுத்த வளர்ச்சிக் கோடு உங்கள் வீட்டுக் கிளினிக் கொப்பியில் இருக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள். கோடு படுத்துவிட்டதா, கீழே இறங்குகிறதா என்று பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

குரோன்ஸும், அதைப் போன்ற இன்னொரு குடல் நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் நம் நாட்டில் அரிதானவை என்பது உண்மைதான். கொழும்பு, கம்பஹா மாவட்ட ஆஸ்பத்திரிகளில் எடுத்து 2010இல் வெளியிட்ட கணக்கில், 1 லட்சம் பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் சுமார் 5 பேர், குரோன்ஸ் சுமார் 1 ஆள் என்று இருந்தது. அரிது என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. சந்தேகப்படாததால் சோதிப்பதில்லை. அந்த ஒருவர் உங்கள் பிள்ளையாக இருந்தால் மற்ற 99,999 பேரின் சுகத்தால் உங்களுக்கு என்ன பயன்?

இனி அலர்ஜி விஷயத்துக்கு வருகிறேன். கிளினிக்கில் அதிகம் காதில் விழுவது இதுதான்: "டாக்டர், ஒரு அலர்ஜி டெஸ்ட் மட்டும் எழுதிக் குடுங்க." மற்ற எதற்கும் கை நீட்டாத பெற்றோர்கூட அலர்ஜி டெஸ்டுக்கு ஆசைப்படுகிறார்கள். காரணம் எனக்கு நன்றாகவே தெரியும். அலர்ஜி என்று வந்துவிட்டால் ஒரு சாப்பாட்டை நிறுத்தினால் போதும், பிள்ளைக்குப் பெரிய நோய் எதுவும் இல்லை என்று மனதை ஆற்றிக்கொள்ளலாம். அந்த ஆசை இயல்பானதுதான். ஆனால் ஆசையை வைத்து வைத்தியம் செய்ய முடியாது.

குரோன்ஸும் கொலைட்டிஸும் அலர்ஜி அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தி குடலின் சுவரையே தாக்குவதால் வருகிற அழற்சி. எந்தச் சாப்பாட்டுக்கு அலர்ஜி என்று தேடுவதால் அந்த நோய் பிடிபடாது. அதைக் காட்டிக்கொடுப்பது வேறு சோதனைகள். முதலாவது மலச் சோதனை. அதற்கு ஊசியே கிடையாது. அமீபா, ஜியார்டியா, பூச்சி இருக்கிறதா என்று மலத்தில் பார்க்கலாம். நம் தோட்டங்களின் தண்ணீரையும் கழிப்பறைகளையும் நினைத்தால் அதுதான் முதலில் செய்ய வேண்டியது. கால்ப்ரொடெக்டின் என்று இன்னொரு மலச் சோதனையும் இருக்கிறது. குடலில் அழற்சி இருந்தால் வெள்ளை அணுக்கள் விட்டுச் செல்கிற புரதம் அது. அளவு அதிகமாக இருந்தால் உள்ளே புண் இருக்கக்கூடும் என்று டாக்டர் உஷாராகிவிடுவார். இந்தச் சோதனை செய்ய முடியுமா என்று வாய் திறந்து கேளுங்கள். ஒரு சின்னப் போத்தலில் மலம் கொண்டுபோகக் கூச்சப்பட்டுப் பல மாதத்தை வீணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ரத்தச் சோதனை. ரத்தம் குறைந்திருக்கிறதா, அழற்சியின் அளவு என்ன, புரதம் எவ்வளவு என்று அது சொல்லும். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் மயக்க மருந்து கொடுத்துக் குடலுக்குள் கமெரா விட்டுப் பார்ப்பார்கள். குடலில் வருகிற காசநோயும் குரோன்ஸைப் போலவே வேஷம் போடும். இரண்டுக்கும் வைத்தியம் நேர்மாறானது. குரோன்ஸுக்குக் கொடுக்கிற மருந்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும், காசநோய் இருக்கிற உடம்பில் அது தீயைக் கிளப்பிவிடும். ஆகவே ஊகத்துக்கு இங்கே இடமே கிடையாது.

கோதுமைக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காலையில் ரொட்டியும் சம்பலும், மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி, பல வீடுகளில் ராத்திரிக்கும் அதுதான். கோதுமையிலுள்ள குளுட்டன் என்ற புரதத்தால் குடல் கெட்டுப்போகிற ஒரு நோய் உண்டு. அதன் பெயர் சீலியாக். அதுவும் அலர்ஜி அல்ல, உடம்பு தன் குடலையே தாக்குகிற நோய். அதைக் கண்டுபிடித்த கதையில் பசி இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் டிக்கே என்ற குழந்தை வைத்தியர் 1930களிலிருந்தே கோதுமை மேல் சந்தேகப்பட்டவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944–45இல் அந்த நாட்டில் பாண் கிடைக்காத பஞ்சம் வந்தது. ஊரே பசியில் வாடியபோது, சீலியாக் இருந்த பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள். அவர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் அளந்து பார்த்து 1950இல் தன் ஆய்வை எழுதினார். "ரொட்டியை நிறுத்தினேன், கொஞ்சம் சுகம்" என்று சொல்லிவிட்டு நாம் நிற்கிற இடத்தில்தான் அவருடைய வேலையே தொடங்கியது.

இன்றைக்கு சீலியாக்கைச் சந்தேகித்தால் முதலில் ஒரு ரத்தச் சோதனைதான் செய்வார்கள். ஆனால் அந்தச் சோதனை நடக்கிற நாள்வரை பிள்ளை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். முன்கூட்டியே ரொட்டியை நிறுத்தினால் ரத்தத்தில் இருக்கிற தடயம் மெல்ல மறைந்துவிடும், ரிப்போர்ட் 'இல்லை' என்று வரும். நோய் இருக்கும், கடதாசியில் இருக்காது. டாக்டர் சொல்வதற்கு முன் பிள்ளையின் தட்டிலிருந்து ரொட்டியை எடுக்காதீர்கள். சீலியாக் என்று உறுதியானால், அப்போது வாழ்நாள் முழுக்க கோதுமை இல்லாமல் வாழ வேண்டியிருக்கும். அரிசி மா, குரக்கன், சோளம், மரவள்ளி, பலா எல்லாம் ஊவாவிலேயே விளைகிறது, வழி இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையின் வாழ்நாள் ரொட்டியைப் பிடுங்குவது பெரிய முடிவு. அதை லயத்து வாசலில் வைத்து எடுக்கக் கூடாது.

பாலும் இப்படித்தான். வயிற்றோட்டம் வந்து குடல் களைத்திருக்கிற பிள்ளைக்குப் பாலிலுள்ள சர்க்கரை கொஞ்ச நாளைக்குச் செரிக்காமல் போகலாம். அது அலர்ஜி இல்லை, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். கைக்குழந்தைகளுக்குப் பாலின் புரதத்தால் மலத்தில் ரத்தம் போகிற ஒரு வகை உண்டு. அதைத் தோல் சோதனையும் ரத்தச் சோதனையும் காட்டாது. டாக்டர் சொல்லுகிற கொஞ்ச நாளுக்குப் பாலை முழுதாக நிறுத்தி, பிறகு திரும்பக் கொடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். நாம் செய்கிற அரைகுறை என்னவென்றால், நிறுத்துவோம், திரும்பக் கொடுக்கவே மாட்டோம். திரிபோஷாவில் சோளம், சோயா, பால்மா மூன்றும் இருக்கிறது. "பால் ஒத்துக்கல" என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு, இலவசமாகக் கிடைக்கிற திரிபோஷாவையும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய அநியாயம் வேறு என்ன?

உண்மையாகவே அலர்ஜி சோதனை தேவைப்படுகிற பிள்ளைகளும் உண்டு. ஒரு சாப்பாடு சாப்பிட்டுச் சில நிமிஷத்திலோ இரண்டு மணித்தியாலத்துக்குள்ளோ உடம்பு தடித்து, உதடு வீங்கி, வாந்தி எடுத்து, மூச்சு இரைத்தால், அது அலர்ஜி போலத்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையை டாக்டர் தோல் சோதனைக்கு அனுப்புவார், அல்லது ஐஜிஈ என்ற ரத்தச் சோதனைக்கு எழுதுவார். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் சோதனையைவிடப் பெரிய சாட்சி உங்கள் கையில் இருக்கிறது. ஒரு கொப்பி வாங்குங்கள். என்ன சாப்பிட்டான், எவ்வளவு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் கழித்து என்ன வந்தது என்று எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அங்கே வாசித்துச் சொல்ல ஒரு தாதியோ ஊழியரோ இருப்பார். இல்லாவிட்டால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் கொடுத்து முன்கூட்டியே சிங்களத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "எதைத் தின்னாலும் ஒத்துக்கல டாக்டர்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு டாக்டர் சரியாகப் பார்க்கவில்லை என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை.

தோல் சோதனை என்றதும் பெரிய ஊசியை நினைத்துக்கொள்கிறீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். பிள்ளையின் முன்கையைத் துடைத்துப் பேனையால் சின்னச் சின்ன அடையாளம் போடுவார்கள். ஒவ்வொரு அடையாளத்தின் பக்கத்திலும் ஒரு சொட்டு வைப்பார்கள். ஒன்று பால், ஒன்று முட்டை, ஒன்று கோதுமை என்று சந்தேகப்படுகிறவை மட்டும். அதோடு இன்னும் இரண்டு சொட்டு. ஒன்று கட்டாயம் தடிக்க வேண்டியது, மற்றது தடிக்கவே கூடாத உப்புத் தண்ணீர். சோதனை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த இரண்டும். பிறகு நுனி மட்டும் கூராக இருக்கிற ஒரு சின்னத் துண்டால் சொட்டின் வழியே மேல்தோலை மெல்லக் குத்தி எடுப்பார்கள். கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் ஆழம். நரம்பைத் தேட மாட்டார்கள், ரத்தம் வராது. 15 நிமிஷம் பொறுத்து, தடிப்பு 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வந்திருக்கிறதா என்று அளப்பார்கள். நுளம்பு கடித்த மாதிரி அரிக்கும், அந்த நேரத்தில் சொறியவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. அரிதாக உடம்பு முழுக்கவும் எதிர்வினை வரலாம் என்பதால் அதற்குரிய மருந்து பக்கத்தில் இருக்கிற இடத்தில்தான் இதைச் செய்வார்கள். வீட்டில் சாப்பாட்டைத் தோலில் தேய்த்துப் பார்க்கிற விளையாட்டு வேண்டாம்.

ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். தடிமனுக்கும் சொறிக்கும் வீட்டில் வைத்துக் கொடுக்கிற பிரிட்டோன் பாணி, செட்ரிசின் மாதிரி மருந்துகள் இந்தத் தடிப்பை வரவிடாமல் அமுக்கிவிடும். எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். முதல் நாள் ராத்திரி மூக்கு ஒழுகுகிறது என்று ஒரு கரண்டி கொடுத்துவிட்டு வந்தால் கொழும்புக்கு வந்த பயணம் வீண்.

தடித்துவிட்டால் அலர்ஜி உறுதி என்றும் எண்ணிவிடாதீர்கள். தோல் தடித்தும் அந்தச் சாப்பாட்டை எந்தக் குறையும் இல்லாமல் சாப்பிடுகிற பிள்ளைகள் ஏராளம். அதனால்தான் கதையைக் கேட்காமல் டாக்டர்கள் சோதனை எழுதுவதில்லை. ஆனால் சில தனியார் இடங்களில் நூற்றுக்கணக்கான சாப்பாட்டுப் பெயர்களோடு ஒரு பட்டியல் கொடுத்து, ஐஜிஜி என்று ஒன்றை அளந்து, சிவப்புப் பச்சை நிறத்தில் ரிப்போர்ட் தருகிறார்கள். அது அலர்ஜியைக் காட்டுகிற சோதனை இல்லை. அந்தச் சாப்பாட்டைப் பிள்ளை சாப்பிட்டிருக்கிறது என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும். ஐரோப்பிய அலர்ஜி வைத்தியர்களின் கழகம் 2008இலேயே இதை உணவு அலர்ஜிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்து அந்தக் கடதாசியை வாங்கிக்கொண்டு வந்து, சிவப்பில் இருப்பதையெல்லாம் பிள்ளையின் தட்டிலிருந்து எடுக்கிறீர்களே, அதே பணத்தில் எத்தனை மாதத்துக்கு முட்டை வாங்கியிருக்கலாம்!

குரோன்ஸ் வந்த பிள்ளைகளுக்கு சாப்பாடே மருந்து என்பதையும் கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு 6 முதல் 8 வாரம் வரை வேறு எதுவும் இல்லாமல் சத்துக் கஞ்சி போன்ற ஒரு தயாரிப்பை மட்டும் கொடுத்தே குடல் அழற்சியை அடக்குகிறார்கள். கணக்குப் பார்த்து, நிறை பார்த்து, டாக்டரின் கண்காணிப்பில் செய்கிற வேலை அது. நாம் செய்வது அதற்கு நேர் எதிர். நோயால் உடைகிற உடம்பைச் சாப்பாட்டாலும் உடைக்கிறோம்.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023 ஜூலையில் பேராதனை வைத்தியசாலையில் ஊசி மருந்து ஏற்றிய பின் 21 வயது யுவதி ஒருவர் இறந்த செய்தி நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதே ஆண்டில் தரமற்ற இம்யுனோகுளோபுலின் மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குள் வந்த விவகாரம் வெடித்து, முன்பு சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதானார். இதையெல்லாம் கேட்ட தாய்க்குக் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் அவை உடம்புக்குள் ஏற்றிய மருந்துகளைப் பற்றிய பயம். ரத்தச் சோதனையில் உள்ளே எதுவும் போவதில்லை. ஊசி புதியதா, உறை பிள்ளையின் முன்னால் கிழிக்கப்படுகிறதா என்று பாருங்கள், கேளுங்கள். அது உங்கள் உரிமை. பயத்தைக் கேள்வியாக மாற்றுங்கள், ஓடிப்போக அதைச் சாக்காக்காதீர்கள்.

"ரத்தம் எல்லாம் எடுத்துட்டாங்க" என்று சொல்வதையும் விடுங்கள். 20 கிலோ நிறையுள்ள பிள்ளையின் உடம்பில் சுமார் ஒன்றரை லீற்றர் ரத்தம் ஓடுகிறது. சோதனைக்கு எடுப்பது பெரும்பாலும் ஒன்று இரண்டு தேக்கரண்டி அளவு. உடம்பு அதைத் தானாகவே திரும்பச் சேர்த்துக்கொள்ளும். இன்னொன்று, பல சோதனைகளை ஒரே குத்தில் எடுத்துவிடலாம். ஊதா மூடிக் குழாயில் ஒன்று, வேறு மூடியில் இன்னொன்று என்று குழாய்தான் மாறும், ஊசி மாறாது. "எல்லாத்தையும் ஒரே தடவையில எடுத்துறலாமா டாக்டர்?" என்று துண்டு எழுதும்போதே கேளுங்கள். அப்படிக் கேட்கிற ஒரு வார்த்தை உங்கள் பிள்ளைக்கு இன்னொரு குத்தை மிச்சப்படுத்தும்.

அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கமிருந்து விடியப்புறத்து பஸ்ஸில் வருகிற பிள்ளையின் கை ஐஸ் மாதிரி இருக்கும். குளிரில் நரம்பு சுருங்கி உள்ளே போய்விடும். அதனால்தான் இரண்டு மூன்று தடவை குத்த வேண்டி வருகிறது. பிறகு மிஸிக்கு ஊசி போடத் தெரியவில்லை என்கிறோம். வெறும் வயிற்றில் வரச் சொல்லாவிட்டால் வரும் வழியில் நன்றாகத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். உள்ளே போவதற்கு முன் கையை உங்கள் கம்பளிக்குள் வைத்துச் சூடாக்குங்கள். தோலை மரத்துப்போகச் செய்கிற எம்லா என்ற கிறீம் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு, குத்துவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே பூசி மூடி வைத்தால் வலி நன்றாகக் குறையும். பூசின உடனே குத்தினால் பலன் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கெட்ட பழக்கம் பொய் சொல்வது. "கடைக்குப் போறோம், பலூன் வாங்கித் தாறேன்" என்று கூட்டிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்குகிறீர்கள். உள்ளே போனதும் நாலு பேர் கை காலைப் பிடித்து அமுக்குகிறீர்கள். ஒரு சாதாரணக் காய்ச்சல் பிள்ளைக்கு இதைச் செய்தால் அது ஒருவேளை மறந்துவிடும். நாட்பட்ட குடல் நோய் உள்ள பிள்ளை இன்னும் பல வருஷத்துக்கு ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். சில மருந்துகள் குடிக்கும்போது ஒழுங்காக ரத்தம் பார்த்தே ஆக வேண்டும், சில மருந்துகளை நரம்பில் ஏற்றுவார்கள். முதல் தடவை நீங்கள் ஏமாற்றினால், பிறகு பலூனுக்காகக் கடைக்குக் கூப்பிட்டாலும் அது வராது.

உண்மையைச் சொல்லுங்கள், முதல் நாள் ராத்திரியே சொல்லுங்கள். "நாளைக்கு ரத்தம் எடுப்பாங்க. கொஞ்சம் வலிக்கும். நான் உன்னைப் பிடிச்சுக்கிட்டு இருப்பேன்." அவ்வளவு போதும். வலிக்கவே வலிக்காது என்றும் சொல்லாதீர்கள், ரொம்ப வலிக்கும் பாவம் என்றும் சொல்லாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி வெளியிட்ட வழிகாட்டியும் பெற்றோர் கூட இருக்க வேண்டும், பிள்ளையைத் தூக்கியோ மடியில் வைத்தோ இருக்க வேண்டும், பயமுறுத்தாத வார்த்தை பேச வேண்டும் என்றுதான் சொல்கிறது. கட்டிலில் மல்லாத்திப் பிடிக்காமல், மடியில் நெஞ்சோடு அணைத்து ஒரு கையை மட்டும் வெளியே நீட்டச் செய்யுங்கள். எந்தக் கை என்று அதையே தெரிவு செய்யவிடுங்கள். பார்க்க விரும்பினால் பார்க்கட்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டால் விடுங்கள். முடிந்த பிறகு அழாமல் இருந்ததற்காகப் பாராட்டாதீர்கள், கையை ஆட்டாமல் வைத்திருந்ததற்காகப் பாராட்டுங்கள். அடுத்த தடவைக்கு அதுதான் உதவும். பயத்தில் உடம்பு விறைத்து மயங்குகிற பிள்ளையாக இருந்தால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள், படுக்க வைத்து எடுப்பார்கள்.

இந்தக் கடைசி விஷயம் தகப்பன்மாருக்கு. ரத்தம் எடுக்கிற அறைக்குள் நான் பார்ப்பது எப்போதும் தாய்மாரைத்தான். நீங்கள் வெளியே தேத்தண்ணிக் கடையில் நிற்கிறீர்கள். உள்ளே வந்தாலும் "ஆம்பளப் புள்ள அழலாமா" என்ற ஒரு அதட்டல், பிறகு மறுபடி வெளியே. கிளினிக்குக்கு வருகிற ஒவ்வொரு நாளும் தாய்க்குப் பேர் விழாது, அந்த நாள் சம்பளம் போய்விடும். அந்தக் கவலையோடும் பிள்ளையின் அழுகையோடும் அவள் தனியாக டாக்டரின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தைரியம் வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்கிற நீங்கள், அந்த அறையில் பத்து நிமிஷம் நின்று காட்டுங்கள். ரத்தத்தைப் பார்த்தால் உங்களுக்கே தலை சுற்றுமானால் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அடுத்த கிளினிக் நாளில் அவள் மலைக்குப் போய்ப் பேர் போடட்டும். பிள்ளைக்குக் கம்பளியைப் போட்டு, கொப்பியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் நீங்கள் கூட்டிக்கொண்டு வாருங்கள்.